மயிலாப்பூர் வயர், அடையாறு வைஃபை

இரண்டு வீட்டிலும் புகார் ஒன்றுதான்: வீட்டு நெட்வொர்க்கில் ஃபைல்களைச் சேமித்து வைக்கும் நாஸ் பெட்டிக்கு ஃபைல் போகவே மாட்டேன் என்கிறது. ஒன்று மயிலாப்பூரில், கபாலீஸ்வரர் கோயில் குளத்தை ஒட்டிய சந்தில் இருக்கும் பழைய ஓட்டுக்கட்டு வீடு. பழைய கச்சேரி கேசட்டுகளை டிஜிட்டலாக மாற்றிச் சேர்த்து வைக்கிறார்கள். இன்னொன்று அடையாறில் ஓர் அபார்ட்மென்ட்டின் மூன்றாவது மாடி. அங்கே இருப்பவர் கல்யாண போட்டோகிராஃபர். தி. நகர் மண்டபத்தில் முகூர்த்தம் முடிந்து வந்த கையோடு மெமரி கார்டுகளைக் காலி செய்தாக வேண்டும். 120 ஜிபி ஃபோல்டரை அனுப்பினால் இரண்டு இடத்திலும் ஏறக்குறைய மூன்று மணி நேரம் ஆகிறது. ரவுட்டரும் நாஸும் இரண்டு இடத்திலும் கிகாபிட் வேகத்துக்கானவை. எல்லாம் ஒழுங்காக இருந்தால் இருபது நிமிஷ வேலை.

சராசரி ஒன்றாக இருப்பதால் நோயும் ஒன்றுதான் என்று தோன்றும். இல்லை. விண்டோஸில் காப்பி ஓடும்போது அந்தச் சின்ன விண்டோவை விரித்துப் பார்த்தால் பச்சை நிறத்தில் ஒரு கிராஃப் ஓடும். பெரும்பாலோர் அதில் எத்தனை சதவீதம் முடிந்தது என்று மட்டும் பார்ப்பார்கள். பார்க்க வேண்டியது கோட்டின் வடிவத்தை. மயிலாப்பூர் வீட்டில் அது நொடிக்கு 11 எம்பியில் ஸ்கேல் வைத்துப் போட்ட மாதிரி நேராக இருந்தது. காலையிலும் அதே 11, ராத்திரியிலும் அதே 11. அடையாறில் 30-க்கு ஏறும், 4-க்கு விழும், சில நொடி செத்துக் கிடக்கும், மறுபடி எழுந்து 18-இல் ஓடும்.

அந்த 11-ஐ நெட்வொர்க் வேலை தெரிந்தவர்கள் பார்த்தவுடனே அடையாளம் கண்டுகொள்வார்கள். லான் வேகத்தை மெகாபிட்டில் சொல்கிறோம், ஃபைல் அளவை மெகாபைட்டில் சொல்கிறோம். எட்டு பிட் ஒரு பைட். 100 மெகாபிட் இணைப்பை எட்டால் வகுத்தால் 12.5. அதில் நெறிமுறைகளின் செலவு போக மிஞ்சுவது 11 சொச்சம். கிகாபிட் இணைப்பானால் அதே கணக்கில் 110 சொச்சம் வரும். ஆக, நேர்கோடாக 11 வந்தால் வழியில் எங்கோ ஒரு கண்ணி 100 மெகாபிட்டுக்கு இறங்கிவிட்டது என்று அர்த்தம். கம்ப்யூட்டரின் நெட்வொர்க் செட்டிங்ஸில் லிங்க் ஸ்பீட் என்ற வரியைப் பார்த்தால் உறுதியாகிவிடும். அங்கே 100/100 என்றுதான் இருந்தது.

ஏன் இறங்கியது? வீட்டின் வயதுதான் காரணம். அந்தக் காலத்துச் சுண்ணாம்புச் செங்கல் சுவர்கள் கனமானவை. வைஃபை இரண்டு அறை தாண்டுவதற்குள் களைத்துவிடும். அதனால் பல வருஷத்துக்கு முன்பே கூடத்திலிருந்து பின்கட்டு வரைக்கும் லான் கேபிள் இழுத்துவிட்டார்கள். கேபிளுக்குள் எட்டு வயர் உண்டு. 100 மெகாபிட்டுக்கு அதில் நான்கே போதும் என்பதால், அன்றைய வயரிங் ஆட்கள் ஆரஞ்சு, பச்சை ஜோடிகளை மட்டும் கனெக்டரில் சேர்த்துவிட்டு, நீல ஜோடியை டெலிபோன் எக்ஸ்டென்ஷனுக்குக் கொடுத்துவிடுவது வழக்கம். அன்றைக்கு அது கெட்டிக்காரத்தனம். கிகாபிட்டுக்கோ எட்டு வயரும் வேண்டும். நான்கு ஜோடியும் முழுசாகக் கிடைக்காதபோது பெரும்பாலான கருவிகள் எந்த எச்சரிக்கையும் காட்டாமல் 100-க்கு இறங்கி வேலையைத் தொடரும்.

இத்தனை வருஷம் இது கண்ணில் படாததற்கும் காரணம் உண்டு. அந்த வீட்டு இன்டர்நெட் பிளான் 100 மெகாபிட். ஸ்பீட் டெஸ்ட் போட்டால் 94, 95 காட்டும், எல்லோருக்கும் திருப்தி. பிளானும் பழுதான வயரும் ஒரே உயரம் என்பதால் ஒன்றின் பின்னால் ஒன்று ஒளிந்துகொண்டது. நாஸ் வந்த பிறகுதான் குட்டு வெளிப்பட்டது.

சரிசெய்யப் புது பெட்டியோ பெரிய பிளானோ தேவைப்படவில்லை. கேபிள் கேட்-5ஈ ரகம். 100 மீட்டர் வரை கிகாபிட்டைத் தாங்கும். லேண்ட்லைன் போய் வெகுகாலம் ஆகிவிட்டதால் நீல ஜோடி சும்மாதான் கிடந்தது. இரண்டு முனையையும் வெட்டி, ஆரஞ்சு வெள்ளை, ஆரஞ்சு, பச்சை வெள்ளை, நீலம், நீல வெள்ளை, பச்சை, பழுப்பு வெள்ளை, பழுப்பு என்ற வரிசையில் புது கனெக்டர் வைத்து கிரிம்ப் பண்ணியாயிற்று. கோடு 110-க்கு ஏறி அங்கேயே நின்றது. கேசட் கச்சேரியை 96 கிலோஹெர்ட்ஸ், 24 பிட்டில் பதிந்தால் மணிக்கு 2 ஜிபி சொச்சம் வரும். மூன்று மணி நேரக் கச்சேரி இப்போது ஒரு நிமிஷத்துக்குள் பெட்டிக்குள் போய்விடுகிறது.

கேபிளையே மாற்ற வேண்டியவர்களுக்கு ஒரு வார்த்தை. ரிச்சி ஸ்ட்ரீட்டில் கேட்-6 என்று அச்சடித்த மலிவு கேபிள் கண்ட இடமெல்லாம் கிடைக்கும். அதில் பாதிக் கதை அலுமினியத்தின் மேல் பூசிய செம்பு. ஒரு வயரின் நுனியை பிளேடால் சுரண்டுங்கள். உள்ளே வெள்ளையாகத் தெரிந்தால் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். அலுமினியம் மடக்கினால் ஒடியும், கடற்காற்றில் சீக்கிரம் அரிக்கும். சாந்தோம், பெசன்ட் நகர் பக்கம் வீடு என்றால் இதை இரண்டு தடவை யோசிக்க வேண்டும்.

அடையாறு கேஸ் இவ்வளவு சுலபமில்லை. அங்கே சுவருக்குள் லான் கேபிளே கிடையாது. கட்டியவர் டிவிக்கும் டெலிபோனுக்கும் பைப் விட்டார், நெட்டுக்கு வைஃபை இருக்கிறதே என்று விட்டுவிட்டார். நாஸ் ஹாலில் ரவுட்டரோடு வயரில் இருக்கிறது. லேப்டாப் உள்ளறையில். நடுவே வைஃபையை வாங்கி மறுபடி அனுப்பும் ஒரு மெஷ் யூனிட், அதையும் கொண்டுபோய் ஸ்டீல் பீரோவின் பின்னால் வைத்திருந்தார்கள், பார்வைக்கு அசிங்கமாக இருக்கிறதாம். இரும்புத் தகடு ரேடியோ அலையை விடாது என்பதை யாரும் அவர்களுக்குச் சொல்லவில்லை.

முதல் வேலையாக லேப்டாப்பை ஹாலுக்குத் தூக்கி வந்து ரவுட்டரில் பேட்ச் கார்டு போட்டுப் பார்த்தோம். நேர்கோடு, 110. இந்த ஒரு சோதனையிலேயே டிஸ்க், பெட்டி, சாஃப்ட்வேர் மூன்றும் நிரபராதி என்று தெரிந்துவிட்டது. மிச்சம் இருப்பது காற்று. வைஃபையில் ஒரு சேனலில் ஒரு நேரத்தில் ஒருவர்தான் பேச முடியும். 2.4 கிகாஹெர்ட்ஸில் ஒன்றோடொன்று மோதாத சேனல்கள் 1, 6, 11 என்று மூன்றே மூன்று. அபார்ட்மென்ட் முழுக்க அந்த மூன்றில்தான் குடித்தனம். மைக்ரோவேவ் அவனும் அதே அலைவரிசைக்காரர். இந்தியாவில் 2018-இலேயே 5 கிகாஹெர்ட்ஸில் பெரிய பகுதியை லைசென்ஸ் இல்லாமல் பயன்படுத்தத் திறந்துவிட்டார்கள். அங்கே இடம் தாராளம். ஆனால் அந்த அலை கான்கிரீட் சுவரில் சீக்கிரம் சோர்ந்துவிடும். இரண்டு அலைவரிசைக்கும் ஒரே வைஃபை பெயர் வைத்திருந்ததால் லேப்டாப் இங்கும் அங்கும் தாவிக்கொண்டிருந்தது. போதாக்குறைக்கு மெஷ் யூனிட் ரவுட்டரிடம் பேசுவதும் லேப்டாப்பிடம் பேசுவதும் ஒரே ரேடியோவில். வேகம் அங்கேயே பாதி. கோடு ஏறி இறங்கியதன் கதை இதுதான்.

இந்த வீட்டுக்காரர் ஏற்கெனவே இன்டர்நெட் பிளானை ஒருமுறை உயர்த்திப் பார்த்துவிட்டார். ஃபைல் வாசலைத் தாண்டுவதே இல்லை, பிளான் என்ன செய்யும்? அலைவரிசைகளுக்குத் தனித்தனிப் பெயர் வைத்து, யூனிட்டை பீரோவின் பின்னாலிருந்து கதவுக்கு நேராக நகர்த்தியதில் சராசரி 35-ஐத் தொட்டது. பரவாயில்லை, ஆனால் போதாது. கடைசியில் கைகொடுத்தது சுவருக்குள் அநாதையாகக் கிடந்த கேபிள் டிவி பைப். பழைய கோஆக்ஸ் வயரின் நுனியில் கேட்-6ஐக் கட்டி மறுபக்கம் இழுத்தால் வந்துவிட்டது. கரண்ட் வயர் ஓடும் பைப்பில் மட்டும் இந்த வேலை வேண்டாம்.

மூன்றாவதாக ஒரு கோடு உண்டு: முதல் சில நிமிஷம் 110-இல் பறந்து, பிறகு திடீரென்று 20, 30-க்கு விழுந்து எழாமல் கிடப்பது. இது டிஸ்க்கின் வேலை. தடங்களை ஒன்றன் மேல் ஒன்று ஏற்றி எழுதும் எஸ்எம்ஆர் டிஸ்க்குகள், கேஷ் நிரம்பியதும் இப்படிப் படுத்துவிடும். நாஸுக்கென்றே விற்ற தன் ரெட் வரிசையில் சில மாடல்கள் எஸ்எம்ஆர்தான் என்று வெஸ்டர்ன் டிஜிட்டல் 2020-இல் ஒப்புக்கொண்டது. வாங்குமுன், தடங்களை ஏற்றாமல் எழுதும் சிஎம்ஆரா என்று கேளுங்கள். ரவுட்டரின் யுஎஸ்பி 2.0 போர்ட்டில் டிஸ்க்கைச் செருகியிருந்தால் 40 எம்பியைத் தாண்டாது. ஆயிரக்கணக்கில் சின்னச் சின்ன ஃபைல்கள் என்றால் எந்த நெட்வொர்க்கும் தவழும். அரிசி மூட்டைக்கு ஒரு பில் போடுவதற்கும் நூறு பொட்டலத்துக்குத் தனித்தனி பில் போடுவதற்கும் உள்ள வித்தியாசம். ஜிப் செய்து அனுப்புங்கள். வேகம் வரும் என்று யாராவது ஃபைல் பகிர்வுக்கான பழைய எஸ்எம்பி-1 நெறிமுறையைத் திறக்கச் சொன்னால் கேட்காதீர்கள். 2017 மே மாதம் வானாகிரை ரான்சம்வேர் உலகம் முழுக்கப் பரவியது அந்த வழியாகத்தான்.

இரண்டில் எது மோசம் என்று கேட்டால், அடையாறு என்பேன். மயிலாப்பூர் வயரின் குறை ஒருமுறை கண்டுபிடித்தால் தீர்ந்தது. வைஃபையின் குறை அடுத்த ஃபிளாட்டில் புது ரவுட்டர் மாட்டிய அன்றைக்குத் திரும்பி வரும். அதனால் புது ஃபிளாட் புக் செய்பவர்கள், மாடுலர் கிச்சனுக்கு எந்தக் கலர் லேமினேட் என்று பேசும் அதே நாளில், ஒவ்வோர் அறைக்கும் கரண்ட் பைப்போடு சேராத ஒரு காலி பைப் விடச் சொல்லி எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.