முட்டுக்கட்டைக்கு ஒரு மரியாதை



போன மாதம் பாபநாசத்தில் நடந்ததைப் பற்றிப் பாதிப்பேர் போனில் கேட்டுவிட்டீர்கள். ஆளுக்கொரு விதமாகச் செய்தி பரவியிருப்பதால் நானே எழுதிவிடுகிறேன். வரலாற்று வாத்தியார் எழுத உட்கார்ந்தால் வரலாறும் சேர்ந்துதான் வரும். பொறுத்துக்கொள்ளுங்கள்.

ஆற்றுக்கு இறங்கும் சரிவில் காரை நிறுத்தினேன். ஹேண்ட்பிரேக்கை இழுத்துவிட்டு இறங்கினேன். கியரில் போடவில்லை. நாலு எட்டு வைத்திருப்பேன், வண்டி மெல்லப் பின்னால் உருள ஆரம்பித்துவிட்டது. பின்னால் என் தங்கையின் பேத்தி, ஆறு வயதுப் பிள்ளை, குனிந்து செருப்பு வாரை மாட்டிக்கொண்டிருக்கிறாள். நான் கத்தினேனே தவிர கால் நகரவில்லை. பக்கத்தில் சுக்குக்காப்பி விற்றுக்கொண்டிருந்த அண்ணாச்சி பிள்ளையை இழுத்து அப்பால் விட்டார். தன் தள்ளுவண்டி உருளாமல் வைத்திருந்த கற்களில் ஒன்றை எடுத்து என் கார்ச் சக்கரத்துக்கு அடியில் முட்டுக் கொடுத்தார். வண்டி நின்றது.

"சார், நீங்க வச்சிருக்கது பிரேக்கா, பேருக்கு ஒரு கம்பியா?" என்றார். பதில் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

அன்று இரவு தூக்கம் வராமல் அந்தக் கல்லையே நினைத்துக்கொண்டிருந்தேன். மனிதன் கண்டுபிடித்த பிரேக்குகளில் மிக எளியது அதுவாகத்தான் இருக்கும். நம் ஊரில் அதை ஆண்டுதோறும் பார்க்கலாம். நெல்லையப்பர் கோயில் ஆனித் தேரோட்டத்தில் ஐந்து தேர்கள் ரதவீதி சுற்றிவருகின்றன. வடம் பிடிக்க ஆயிரக்கணக்கான கைகள் உண்டு. ஆனால் பெரிய தேர் எங்கே நிற்க வேண்டும், எந்தப் பக்கம் திரும்ப வேண்டும் என்று பார்த்துப் பார்த்துச் சக்கரத்தடியில் கட்டை போடுகிறவர்கள் சிலபேர்தான். உருளும் சக்கரத்துக்கு ஒரு சாண் தள்ளி நின்று செய்கிற வேலை அது. ஒவ்வொரு முறையும் சக்கரம் ஏறி நசுக்கி அந்தக் கட்டை சிராய் சிராயாகப் பிய்ந்துபோகும். தேர் நிலைக்கு வந்ததும் வடம் பிடித்த புண்ணியத்தைப் பேசுவோம், கட்டை போட்டவரைப் பற்றி யாரும் பேசுவதில்லை. பேச்சில்கூட 'முட்டுக்கட்டை போடாதே' என்று வசவாகத்தான் அந்தச் சொல்லை வைத்திருக்கிறோம். ஆசிரியர் கூட்டங்களில் நானே எத்தனையோ முறை சொல்லியிருக்கிறேன்.

திருவாரூர் ஆழித்தேருக்குத் திருச்சி பெல் நிறுவனத்தார் இரும்புச் சக்கரமும் ஹைட்ராலிக் பிரேக்கும் செய்து பொருத்தியிருக்கிறார்கள். அப்படியும் அங்கே முட்டுக்கட்டைக்காரர்களுக்கு வேலை போய்விடவில்லை.

அடுத்தது மாட்டுவண்டி. எங்கள் தாத்தா வண்டியில் சக்கரத்தை ஒட்டி ஒரு கட்டை இருக்கும். இறக்கத்தில் கயிற்றை இழுத்தால் அது இரும்புப் பட்டாவை அழுத்தும். இல்லாவிட்டால் பாரம் முழுவதும் மாட்டின் கழுத்தில் இறங்கிவிடும். கட்டை தேய்ந்தால் வேறு வெட்டி மாட்டுவார்.

இதே போன்ற கட்டையிலிருந்துதான் இன்றைய பிரேக் லைனிங் வந்தது. இங்கிலாந்தில் டெர்பிஷயர் மலைப்பக்கம் வண்டிக்காரர்கள் மரக்கட்டை வழுக்குகிறதே என்று அதன்மேல் பழைய பூட்ஸ் தோலை வைத்து ஓட்டியதை ஹெர்பர்ட் ஃப்ரூட் என்பவர் கவனித்தார். 1897-இல் அதிலிருந்து யோசித்து, பருத்திப் பட்டையை ஒட்டும் பொருள்களில் ஊறவைத்து லைனிங் செய்தார். ஃபெரோடோ நிறுவனம் அவர் தொடங்கியதுதான். 1902-இல் பிரான்சில் லூயி ரெனோ, சுழலும் டிரம்முக்குள்ளிருந்து இரண்டு ஷூக்கள் விரிந்து அழுத்தும் பிரேக்கைக் கொண்டுவந்தார். என் காரின் பின்சக்கரத்தில் இன்றும் இருப்பது அந்த ஏற்பாடுதான்.

இதில் நம் மாவட்டத்துக்கும் பங்கு உண்டு. 1877-இல் திருக்குறுங்குடியில் பிறந்த டி.வி. சுந்தரம் அய்யங்கார் 1912-இல் பேருந்து ஓட்டத் தொடங்கினார். அவர் வழியில் வளர்ந்த டி.வி.எஸ். குடும்பத்தார் 1962-இல் இங்கிலாந்து நிறுவனத்தோடு சேர்ந்து சென்னை பாடியில் பிரேக்ஸ் இந்தியா ஆலையைத் தொடங்கினார்கள். 1974-இல் சுந்தரம் பிரேக் லைனிங்ஸ் வந்தது.

சரி, என் வண்டிக்கு வருகிறேன். மறுநாள் உங்களில் ஒருவன்தான் வந்து பார்த்தான். பெயர் சொன்னால் கோபித்துக்கொள்வான். கணக்கில் பதினெட்டு மார்க் வாங்கியவன், இன்று நல்ல மெக்கானிக். டிரம்மைக் கழற்ற வேண்டுமென்றால் ஹேண்ட்பிரேக்கை இறக்கிவிட வேண்டும். அதனால் முதல் வேலையாக முன்சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் மரக்கட்டை வைத்தான். பிரேக்கைப் பழுதுபார்க்கவும் முட்டுக்கட்டைதான் துணை!

உள்ளே லைனிங் ஒரு மில்லிமீட்டர்கூட இல்லை. "காலால் மிதித்தால் வண்டி நன்றாகத்தானே நின்றது?" என்று கேட்டேன். "சார், மிதிக்கும்போது பெரும்பாலான வேலையை முன்சக்கர பிரேக் பாத்துக்கிடும். அதனால பின்ஷூ தேஞ்சது உங்களுக்குத் தெரியாது. நிறுத்திவைக்கும்போது பின்ஷூ மட்டுந்தான்" என்றான்.

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். எனக்கு முன்பே தெரிந்திருக்க வேண்டும். ஐந்தாறு 'டிக்'கில் பிடிக்க வேண்டிய ஹேண்ட்பிரேக் பத்து, பன்னிரண்டு என்று ஏறிக்கொண்டே வந்தது. இரண்டு முறை கேபிளை மட்டும் இறுக்கிக் கொடுக்கச் சொன்னேன். ஷூ மாற்ற வேண்டியிருக்கும் என்று சொல்லியும் 'அடுத்த சர்வீசில் பார்க்கலாம்' என்றேன். "ஒயர இழுத்து இழுத்து எத்தன நாளைக்கு சார் ஓட்டுவிய?" என்று பையன் கேட்டபோது, வீட்டுப்பாடம் எழுதாமல் வந்த பிள்ளைபோல நின்றேன். தேய்ந்தது ஷூ. நான் இறுக்கியது கம்பி.

ஒரு பக்கம் மட்டும் மாற்றக்கூடாது என்று இரண்டு பக்கமும் சேர்த்தே புது ஷூ போட்டான். டிரம்முக்குள் இருந்த தூசியை ஊதாமல் ஈரத்துணியால் துடைத்தான். அந்தக் காலத்துப் பட்டறைகளில் வாயாலேயே ஊதுவார்கள். பருத்தி சூட்டில் கருகுகிறது என்று 1908 வாக்கில் லைனிங்கில் கல்நாரைச் சேர்த்தார்கள். நுரையீரலுக்குள் போனால் பல ஆண்டு கழித்துப் புற்றுநோய் தரும் தூசி அது. உலகமெங்கும் எத்தனையோ பட்டறைப் பிள்ளைகள் அதைத் தெரியாமல் மூச்சாக இழுத்திருக்கிறார்கள். இப்போது கல்நார் இல்லாத லைனிங் வந்துவிட்டது. இருந்தாலும் பட்டறையில் வேலைபார்க்கும் நம் பிள்ளைகள் ஊதாதீர்கள், ஈரத்துணியை எடுங்கள்.

தேர்க்கட்டை, வண்டிக்கட்டை, பூட்ஸ் தோல், லைனிங் எல்லாம் தான் தேய்ந்து நம்மை நிறுத்துபவை. தேய்வதுதான் அவற்றின் வேலை, தேய்ந்துவிட்டதா என்று பார்ப்பது நம் வேலை. நான் என் வேலையைச் செய்யவில்லை. ஒரு பிள்ளையின் உயிர், முன்பின் அறியாத ஒருவர் கையிலிருந்த கல்லில் தங்கிவிட்டது.

ஆகவே உங்களுக்கு வீட்டுப்பாடம். இன்று மாலை உங்கள் ஹேண்ட்பிரேக் எத்தனை 'டிக்'கில் பிடிக்கிறது என்று எண்ணிப் பாருங்கள். முன்பைவிட ஏறியிருந்தால் கேபிளை இறுக்குமுன் டிரம்மைத் திறக்கச் சொல்லுங்கள். சரிவில் நிறுத்தினால் கியரிலும் போடுங்கள், ஒரு கல்லும் வையுங்கள்.

போன ஞாயிற்றுக்கிழமை பாபநாசம் போய் அண்ணாச்சியைப் பார்த்துவிட்டு வந்தேன். பேத்தி தானாகவே அவர் காலில் விழுந்தாள். சுக்குக்காப்பிக்கு அவர் காசு வாங்கவில்லை. அந்தக் கல் மறுபடியும் அவருடைய தள்ளுவண்டிச் சக்கரத்தடியில்தான் இருந்தது.

எல்லோரும் நலமாக இருங்கள். எண்ணிப் பார்த்தவர்கள் கீழே எழுதுங்கள், திருத்தி மார்க் போடுகிறேன்.