நெப்போலியன் ஆடாத ஆட்டம்: தனியாள் சீட்டு குறித்துச் சில குறிப்புகள்

சீட்டாட்டம் என்றாலே நமக்குச் சூதுதான் நினைவுக்கு வரும். நாலு பேர் வட்டமாக உட்கார்ந்து, நடுவில் பணம் கிடந்து, போலீஸ் வந்து அள்ளிக்கொண்டு போகும் ஆட்டம். எதிராளியே இல்லாத சீட்டாட்டத்தை யாரும் கண்டுகொள்வதில்லை. ஒழுக்கவாதிகளும் சரி, முற்போக்காளர்களும் சரி, 'பொழுது போகாதவன் வேலை' என்று அதை ஒதுக்கிவிடுகிறார்கள். யாருக்குப் பொழுது போகவில்லை, ஏன் போகவில்லை என்கிற கேள்வியும் அதோடு ஒதுங்கிவிடுகிறது. அந்தக் கேள்விக்காகத்தான் இதை எழுத வேண்டியிருக்கிறது.

இரண்டு கட்டு வைத்து ஆடும் தனியாள் ஆட்டங்களில் பேர்போன ஒன்றுக்குச் 'செயின்ட் ஹெலினாவில் நெப்போலியன்' என்று பெயர். 'நாற்பது திருடர்கள்' என்றும் சொல்வார்கள். முதலில் ஆட்டத்தைச் சொல்லிவிடுகிறேன். ஆடத் தெரியாமலே ஆட்டத்தின் அரசியலைப் பேசுவது நம்மிடம் உள்ள பழைய வியாதி.

ஜோக்கர்களை எடுத்துவிட்டு இரண்டு கட்டையும் ஒன்றாகக் கலைத்தால் 104 சீட்டு. வரிசைக்கு நான்காகப் பத்து வரிசை. எல்லாம் முகம் தெரிய, ஒன்றின்மேல் ஒன்று பாதி மறைய. ஆக 40 சீட்டு தரையில், 64 கையில். ஏஸ் வெளிப்பட்டால் அதை மேலே தனியாக வைத்து, அதே இனத்தில் இரண்டு, மூன்று என்று ராஜா வரை ஏற்ற வேண்டும். இப்படி எட்டு அடுக்கு நிறைந்தால் வெற்றி. கீழே வரிசைகளில் இறங்குமுகம். ஸ்பேட் ஒன்பதின்மேல் ஸ்பேட் எட்டு மட்டுமே உட்காரும், வேறு இனத்து எட்டுக்கு அங்கே இடமில்லை. ஒரு நேரத்தில் ஒரே ஒரு சீட்டைத்தான் நகர்த்தலாம், அதுவும் வரிசையின் கடைசியில் கிடப்பதை. கையிலிருப்பதை ஒவ்வொன்றாகத் திருப்ப வேண்டும். போக்கிடம் இல்லாதது கழிவுக் குவியலுக்குப் போகும். குவியலின் மேல்சீட்டை மட்டும் திரும்ப எடுக்கலாம். கை தீர்ந்தால் தீர்ந்ததுதான், மறுசுற்று கிடையாது.

சூட்சுமம் எல்லாம் காலி இடத்தில் இருக்கிறது. ஒரு வரிசை காலியானால் அங்கே எந்தச் சீட்டையும் வைக்கலாம். புதுசா ஆடுகிறவர் உடனே எதையாவது தூக்கிப் போட்டு நிரப்பிவிடுவார். அங்கேயே ஆட்டம் போச்சு. இடம் காலியாக இருக்கிற வரைக்கும்தான் இரண்டு மூன்று சீட்டை ஒன்றொன்றாகப் பெயர்த்து அடியில் கிடப்பதை வெளியே எடுக்க முடியும். ஒவ்வொரு சீட்டுக்கும் ஓர் இரட்டை உண்டு என்பதையும் மறக்கக் கூடாது. ஒரு ஸ்பேட் எட்டு புதைந்து கிடந்தால் மற்ற எட்டு எங்கே என்று கண் தேட வேண்டும். ஏஸ் அடியில் கிடக்கும் வரிசையின்மேல் அடுக்கிக்கொண்டே போவது நமக்கு நாமே போட்டுக்கொள்ளும் பூட்டு. இவ்வளவும் தெரிந்து ஆடினாலும் பெரும்பாலும் தோற்போம்.

இனி அந்தப் பெயருக்கு வருவோம். வாட்டர்லூவில் தோற்ற நெப்போலியன் 1815 அக்டோபரில் செயின்ட் ஹெலினா தீவில் இறக்கப்பட்டான். 1821 மே 5இல் அங்கேயே செத்தான். தோற்றுப்போன பேரரசன் தீவில் தனியாக உட்கார்ந்து சீட்டைப் பரப்பிக்கொண்டிருக்கிறான் என்பது அழகான பிம்பம். ஆனால் கூட இருந்தவர்கள் எழுதிவைத்த குறிப்புகளில் வருவது சதுரங்கம், பிக்கே, ரிவர்ஸி போன்றவை. எல்லாமே எதிரே ஆள் வேண்டிய ஆட்டங்கள். அவனுக்கு ஆள் இருந்தது, தளபதிகள் உட்பட ஒரு சின்ன அரசவையே கூட வந்திருந்தது. இந்த ஆட்டத்தை அவன் ஆடினான் என்பதற்கு நம்பத்தக்க சான்று இல்லை.

அந்தத் தீவு அப்போது கிழக்கிந்தியக் கம்பெனியின் உடைமை, அடிமைகள் இருந்த தீவு. நெப்போலியன் முதல் சில வாரங்கள் தங்கிய தோட்டத்தில் டோபி என்றொரு மலாய் அடிமை வேலை செய்தான். அவனை விலைகொடுத்து விடுவிக்க நெப்போலியன் விரும்பியதையும் அது நடக்காமல் போனதையும் லாஸ் காஸ் 1823இல் வெளிவந்த நினைவுக்குறிப்பில் எழுதியிருக்கிறார். சிறைப்பட்டவன் என்று வரலாறு யாரைப் படம் பிடிக்கிறது பாருங்கள். டோபி பெயரில் ஒரு சீட்டாட்டமும் கிடையாது. இதே ஆட்டத்துக்கு அமெரிக்காவில் 'சான் ஹுவானில் ரூஸ்வெல்ட்' என்றும் ஒரு பெயர் உண்டு. 1898இல் கியூபாவில் நடந்த சண்டையை வைத்து. காத்திருக்கிறவனின் ஆட்டத்துக்குப் படையெடுத்தவன் பெயர்.

அப்படியானால் உண்மையில் ஆடியது யார்? இவ்வகை ஆட்டங்களுக்கென வந்த முதல் தொகுப்பு 1826இல் மாஸ்கோவில் அச்சானது. டால்ஸ்டாயின் 'போரும் அமைதியும்' பின்னுரைப் பகுதியில், நெப்போலியனை விரட்டிய யுத்தமெல்லாம் ஓய்ந்தபிறகு, கணவனையும் கடைசி மகனையும் இழந்த ரோஸ்தோவ் சீமாட்டி துணைக்காரியோடு உட்கார்ந்து பரப்புவது இந்தத் தனியாள் சீட்டைத்தான். டிக்கன்ஸின் 'கிரேட் எக்ஸ்பெக்டேஷன்ஸ்' நாவலில் நாடுகடத்தப்பட்டு, பிடிபட்டால் தூக்கு என்ற நிலையில் திருட்டுத்தனமாக லண்டன் திரும்பிய மாக்விட்ச், ஒரு கந்தல் சீட்டுக்கட்டை வைத்துக்கொண்டு தனியே ஆடுகிறான். ஜெயித்த கணக்கை மேசையில் கத்தியால் குத்தி வைக்கிறான். விதவை, கைதி.

அடுத்து நோயாளி. 1870ஐ ஒட்டி பாஸ்டனில் வந்த இரண்டு கையேடுகளையும் எழுதியவர்கள் பெண்கள். ஒன்றின் தலைப்பே 'நோயாளிகளுக்கான பொழுதுபோக்குகள்'. மற்றதை எழுதியவர் எட்னா டௌ செனி, அடிமை ஒழிப்புக்கும் பெண்கள் வாக்குரிமைக்கும் உழைத்தவர். விடுதலையான கறுப்பர்களின் பள்ளிகளுக்கு ஆசிரியர் அனுப்பும் வேலை பார்த்தவர். அதே பத்தாண்டில் லண்டனில் அடிலெய்ட் கடோகன் சீமாட்டியின் படம்போட்ட நூல் வந்து பல பதிப்புக் கண்டது. ஆங்கிலத்தில் ஆட்டத்தின் பெயரே 'பொறுமை'. பொறுமை யாருக்கு விதிக்கப்பட்டதோ அவர்களே அதற்கு விதி எழுதினார்கள். அட்டையில் பேரரசன் பெயர் ஏறிவிட்டது.

பிறகு மிஷின் வந்தது. 1990இல் விண்டோஸ் 3.0வோடு வந்த ஒற்றைக்கட்டு சாலிடேரை எழுதியவர் வெஸ் செர்ரி என்ற பயிற்சி மாணவர். அதற்காக அவருக்கு ராயல்டி ஏதும் கிடையாது. மவுஸைப் பிடித்து இழுத்துப் போட ஜனங்களைப் பழக்குவதற்கு அந்த ஆட்டம் உதவியது. இரண்டு கட்டு ஸ்பைடர் 1998இல் ஒரு கூடுதல் தொகுப்பில் வந்தது, 2001இல் எக்ஸ்பியோடு மேசைமேசையாகப் பரவியது. வேலைக்குக் கை பழக்கிக் கொடுத்த ஆட்டம் அப்புறம் வேலைத் திருட்டானது. 2006இல் நியூயார்க் மேயர் ப்ளூம்பெர்க் ஓர் அலுவலகத்துக்குப் போனபோது ஊழியர் ஒருவரின் திரையில் சாலிடேர் தெரிந்தது. வேலை போனது.

எனக்கு அரைநாள் சம்பளம்தான் போனது. எம்.ஏ. முடித்துவிட்டு ஒரு டிடிபி கடையில் இருந்தேன். புரூஃப் பார்க்க எடுத்துப்போன புலவர் நாலு மணிநேரமாகத் திரும்பவில்லை. நான் ஸ்பைடர் ஆடிக்கொண்டிருந்தேன். முதலாளி பின்னால் வந்து நின்றார். "சும்மாதானே இருந்தீங்க" என்றார். சும்மாதான் இருந்தேன், ஆனால் அந்த நாற்காலியில் சும்மா இருக்கத்தானே சம்பளம்? இதைச் சொல்ல அன்றைக்கு வாய் வரவில்லை. மறுநாள் கம்ப்யூட்டரில் ஸ்பைடர் இல்லை.

அதற்கப்புறம்தான் இரண்டு கட்டு வாங்கித் தரையில் பரப்பி, நாற்பது திருடர்களைப் பழகினேன். திரையில் ஆடிப் பழகியவர்களுக்கு ஒரு சின்ன யோசனை: 104 சீட்டு ஒரு கைக்குள் அடங்காது. நாலு பங்காகப் பிரித்து, இரண்டிரண்டாகச் சேர்த்துக் கலைத்து, பங்குகளை மாற்றி மறுபடி கலையுங்கள். இல்லாவிட்டால் போன ஆட்டத்து வரிசை அப்படியே ஒட்டிக்கொண்டு வரும்.