காரில் வந்த சங்கீதமும் கெயின் திருகும்

1930-ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில், சிகாகோ வியாபாரியான பால் கால்வின் தமது ஸ்டூடிபேக்கர் காரில் ஒரு ரேடியோவைப் பொருத்திக்கொண்டு, அட்லாண்டிக் சிட்டியில் கூடிய ரேடியோ உற்பத்தியாளர் மாநாட்டின் வாசலிலே நிறுத்தி, வருவோர் போவோர் காதில் விழும்படி அதைப் பாட வைத்தார் என்பார்கள். அவருடைய கம்பெனி 'மோட்டரோலா' என்ற பெயரில் விற்ற அந்த ரேடியோவின் வால்வுகளுக்கு நூறு வோல்டுக்கு மேற்பட்ட மின்சாரம் வேண்டியிருந்தது. காரின் பாட்டரி தந்ததோ 6 வோல்ட். ஆதியில் தனி பாட்டரிகளைத் தரைப் பலகைக்கடியில் அடுக்கிச் சமாளித்தவர்கள், பின்னர் வைப்ரேட்டர் என்னும் ரீங்காரமிடும் கருவியால் மின்னோட்டத்தை விட்டுவிட்டு ஓடச் செய்து, டிரான்ஸ்பார்மரால் உயர்த்திக்கொண்டார்கள். சிரமம் எத்தனையிருந்தாலும், எல்லா உறுப்புகளையும் ஒரே கம்பெனியார் கணக்கிட்டு இணைத்தமையால், எந்த உறுப்பு எதற்கு எவ்வளவு தரவேண்டும் என்ற விசாரம் காருக்கு உடையவரை அண்டவேயில்லை.

1955-இல் கிரைஸ்லரும் பில்கோவும் முழுதும் டிரான்ஸிஸ்டராலான ரேடியோவை அறிவித்தபோது வைப்ரேட்டருக்கு வேலை போயிற்று. ஆனால் பிற்காலத்துக் கார் பாட்டரியின் 12 வோல்டை அப்படியே கொண்டு இயங்கும் யந்திரம், 4 ஓம் ஒலிபெருக்கியில் 20 வாட்டுக்குச் சற்று முன்பின்னாகவே நின்றுவிடும். அது போதாதென்று எண்ணிய ரசிகர்களுக்காக, 1970-களில் ஆம்ப்ளிஃபயர் தனிப்பெட்டியாகப் பிரிந்து ஸீட்டுக்கடியிலும் டிக்கியிலும் குடியேறிற்று. அதனுள்ளே பாட்டரி மின்சாரத்தை மறுபடியும் உயர்த்தும் ஏற்பாடு, வைப்ரேட்டரின் மறுஜன்மமாகவே, ஆனால் ரீங்காரமில்லாமல், வந்து சேர்ந்தது.

பெட்டிகள் பிரிந்த இடத்திலேதான் கெயின் என்ற சிறு திருகுக்கு அவசியம் உண்டாயிற்று. பாட்டை வாசித்து ஆம்ப்ளிஃபயருக்கு அனுப்பும் பெட்டியான டெக்குகளில் ஒன்று அரை வோல்ட் அனுப்பும், இன்னொன்று 4 வோல்ட் அனுப்பும். எதனோடு தமது சரக்கு சேரப்போகிறதென்று ஆம்ப்ளிஃபயர் செய்தவருக்குத் தெரியாது. வரும் சமிக்ஞைக்கேற்ப ஆம்ப்ளிஃபயரைப் பொருத்துவதற்கென்றே வைத்த இந்தத் திருகை வால்யூம் என்று கருதி, திருப்புளியால் கடைசிவரை முறுக்கிவிடுகிற பேர்வழிகள் அன்றும் இருந்தார்கள், இன்றும் இருக்கிறார்கள். முறுக்குவதால் யந்திரத்தின் சக்தி ஒரு வாட்கூட ஏறுவதில்லை. எவ்வளவு சிறிய சமிக்ஞையில் அது தன் எல்லையை எட்டும் என்பதே மாறுகிறது. எல்லை கடந்தால் ஒலியலையின் சிகரங்கள் மழுங்கித் தட்டையாகும். முற்றிலும் சதுரமாகிவிட்ட அலை, அதே உயரமுள்ள சீரான அலையைப்போல் இருமடங்கு சக்தியை ஒலிபெருக்கிச் சுருளில் இறக்கி அதைக் கருக்கிவிடும். அளவுமீறி முறுக்கினால், எஞ்சினோடு சேர்ந்து ஏறியிறங்கும் ஆல்டர்னேட்டரின் ஊளை வேறு பாட்டுக்குச் சுருதி போடும்.

திருகை எங்கே நிறுத்துவது என்பதற்கு ஆதியில் காதுதான் பிரமாணம்: ஒலி கரகரக்கும்வரை திருகிச் சற்றே பின்வாங்குவார்கள். மீட்டர் கொண்டு செய்வோர், பெட்டியின்மேல் 100 வாட் என்று அச்சிட்டிருந்தால் அதை ஒலிபெருக்கியின் 4 ஓமால் பெருக்கி வர்க்கமூலம் கண்டு, ஒலிபெருக்கிக் கம்பிகளைக் கழற்றிவிட்டு, டெக்கின் வால்யூமை முக்கால் பங்கில் வைத்து, 1000 சைக்கிள் ஸ்வரத்தை ஓடவிட்டு, 20 வோல்ட் காட்டுமிடத்தில் நிறுத்துவார்கள். இதிலும் பெட்டியின்மேல் அச்சிட்ட வாட் கணக்கு மெய்யென்று நம்பித்தான் ஆகவேண்டும். அந்தக் கணக்கை வாரி வழங்குவதிலே வியாபாரிகளுக்குக் கைக்கூச்சம் கிடையாது. ஆகவே ஆஸிலோஸ்கோப் வைத்திருப்பவர் அச்சடித்த எண்ணைச் சட்டை செய்யாமல், சிகரம் தட்டையாகத் தொடங்குவதைத் திரையிலே பார்த்துத் திருகை நிறுத்திக்கொள்கிறார்.