26 வருடங்கள் விடுபட்டிருந்த ஒரு பெயர்

பீட்டில்ஸ் குழுவில் பாஸ் கிதார் வாசித்த போல் மெக்கார்ட்னியை எம்மில் பலர் பெயரளவிலாவது அறிவோம். அக்குழு 1970 இல் பிரிந்த பின்னர் அவர் வெளியிட்டவற்றுள் அதிகம் பேசப்படுவது 'பேண்ட் ஒன் த ரன்' என்ற அல்பம். விங்ஸ் என்ற தனது புதிய குழுவுடன் 1973 இறுதியில் அதை வெளியிட்டார். கடந்த 50 வருடங்களில் அது பல தடவை மீள்வெளியீடு கண்டுள்ளது. ஆனால் அந்தப் பிரதிகள் எல்லாம் ஒன்றல்ல. அவற்றை வரிசையாக வைத்து ஒப்பிட்டால், மகாவம்சத்தையும் கல்வெட்டுக்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து வகுப்பில் நாம் கேட்கும் அதே கேள்விகள் எழுகின்றன. எது முந்தியது? யார் திருத்தியது? எதை விட்டார்கள்?

முதலில் கதையைச் சுருக்கமாகப் பார்ப்போம்.

1973 ஓகஸ்டில் மெக்கார்ட்னி ஒலிப்பதிவுக்காக நைஜீரியாவின் லேகோஸ் நகருக்குப் போனார். புறப்படுவதற்குச் சற்று முன்னர் கிதார் கலைஞர் ஹென்றி மெக்கலொக், டிரம்ஸ் கலைஞர் டெனி சீவெல் ஆகிய இருவரும் குழுவை விட்டு விலகினர். மிஞ்சியது மூன்று பேர்: மெக்கார்ட்னி, மனைவி லிண்டா, டெனி லெய்ன். ஆகவே பாஸ் கிதாரோடு டிரம்ஸையும் மெக்கார்ட்னியே வாசித்தார். லேகோஸில் ஈ.எம்.ஐ. நிறுவனத்தின் கலையகத்தில் இருந்தது 8 தடங்கள் கொண்ட பதிவுக் கருவி.

அங்கே இரண்டு சம்பவங்கள் நடந்தன. ஒரு இரவு கத்திமுனையில் அவரை வழிமறித்துக் கொள்ளையடித்தார்கள். பாடல்களின் முன்னோட்டப் பதிவுகள் அடங்கிய கசட்டுகளும் பறிபோயின. ஆக, இந்த அல்பத்தின் மிகப் பழைய வடிவம் இன்று யாரிடமும் இல்லை. எந்த மீள்வெளியீடும் அதைத் திருப்பித் தர முடியாது.

இரண்டாவது, ஆபிரிக்கரின் இசையைத் திருட வந்திருக்கிறார் என்று நைஜீரியாவின் பெரும் கலைஞர் ஃபெலா குட்டி அவர் மீது குற்றம் சாட்டினார். மெக்கார்ட்னி தாம் பதிந்ததை அவருக்கே போட்டுக் காட்டினார். ஒலிநாடா அன்று சாட்சியாக நின்றது.

பிறகு லண்டனுக்குத் திரும்பி ஏயர் கலையகத்தில் மீதி வேலையைத் தொடர்ந்தார்கள். லேகோஸைச் சேர்ந்த ரெமி கபாக்கா 'புளூபேர்ட்' பாடலுக்குத் தாள வாத்தியம் வாசித்தது அங்கேதான். வயலின் முதலான வாத்தியங்களைச் சேர்க்கும் பொறுப்பு டொனி விஸ்கொன்டி என்பவரிடம் கொடுக்கப்பட்டது. சில நாட்களுக்குள் அவர் இசைக்குறிப்புக்களை எழுதி முடித்து, பெரியதொரு வாத்தியக் குழுவை வழிநடத்தினார்.

இனிப் பிரதிகளுக்கு வருவோம்.

பிரித்தானியாவில் வெளிவந்த முதல் இசைத்தட்டில் ஒன்பது பாடல்கள். அமெரிக்காவில் வெளிவந்ததில் பத்து. அங்கே 'ஹெலன் வீல்ஸ்' என்ற பாடலையும் சேர்த்தார்கள். அதாவது பிறந்த அன்றே இந்த அல்பத்துக்கு இரண்டு வடிவங்கள். பின்னர் நான்கு ஒலிபெருக்கிகளில் கேட்பதற்கான தனிக் கலவையொன்று அமெரிக்காவில் நாடாப்பேழையாக வந்தது. 1999 இல் 25 ஆவது ஆண்டு நிறைவுப் பதிப்பு, பேட்டிகளும் பேச்சுக்களும் அடங்கிய மேலதிக இறுவட்டோடு வந்தது. 2010 பதிப்பில் பிரித்தானியாவின் ஒன்பது பாடல் வரிசை பிரதான இறுவட்டில் இடம்பிடித்தது.

2024 பெப்ரவரியில் வந்த 50 ஆவது ஆண்டுப் பதிப்புத்தான் ஒப்பிட்டுக் கேட்பவர்களுக்கு விருந்து. அதில் 'அண்டர்டப்ட்' என்ற பெயரில் இன்னொரு கலவை இருக்கிறது. பதிந்த ஒலியின் மேல் இன்னொரு ஒலியை ஏற்றுவதை ஓவர்டப் என்பார்கள். அப்படி ஏற்றுவதற்கு முந்திய நிலை இது. ஒலிப்பதிவாளர் ஜெஃப் எமெரிக், உதவியாளர் பீட் ஸ்வெட்டன்ஹாமுடன் 1973 ஒக்டோபர் 14 ஆம் திகதி செய்த கலவை. வாத்தியக் குழு இல்லை. பின்னர் சேர்க்கப்பட்ட சில குரல்களும் இல்லை. கிதார், பாஸ், டிரம்ஸ் மூன்றும் காதுக்கு அருகில் வந்து நிற்கின்றன. மொரோக்கோவின் மராக்கிஷ் நகரிலுள்ள பழைய ஹோட்டல் ஒன்றின் பெயரைத் தாங்கிய 'மமூனியா' முதலான பாடல்களை அந்த எளிய நிலையில் கேட்கலாம். கடைசிப் பாடலான 'நைன்டீன் ஹண்ட்ரட் அண்ட் எய்ட்டி ஃபைவ்' இங்கே பாட்டே இல்லாத வெறும் வாத்திய இசை.

இதைக் கேட்டவர்களில் சிலருக்கு, 'இதுதான் அசல், மற்றது பூச்சு' என்று சொல்லத் தோன்றலாம். நாம் அப்படிப் பார்க்கவில்லை. முந்தியது என்பதற்காக மட்டும் ஒன்று அசலாகிவிடாது. கட்டி முடிக்காத வீட்டின் செங்கல் சுவரைப் பார்த்து, இதுதான் உண்மையான வீடு என்று யாரும் சொல்வதில்லை.

இதே மெக்கார்ட்னியின் வாழ்வில் நடந்த இன்னொரு விடயத்தோடு ஒப்பிட்டால் வேறுபாடு புரியும். பீட்டில்ஸின் 'லெட் இட் பீ' அல்பத்தில் ஃபில் ஸ்பெக்டர், மெக்கார்ட்னியைக் கேட்காமலே அவருடைய பாடலொன்றில் வாத்தியக் குழுவையும் பெண்களின் கூட்டுக் குரலையும் சேர்த்தார். 1970 இல் மெக்கார்ட்னி அதை எழுத்திலேயே எதிர்த்தார். 2003 இல் 'லெட் இட் பீ... நேக்கட்' என்ற பதிப்பு அந்தச் சேர்க்கைகளை நீக்கி வந்தது. அந்தப் பதிப்பிலும் ஒரு நுணுக்கம் உண்டு. சர்ச்சைக்குரிய அந்தப் பாடலுக்கு, அதே பதிவைச் சுத்தம் செய்யாமல், 1969 ஜனவரியில் வேறொரு நாளில் பாடிய பதிவைப் பயன்படுத்தினார்கள். 'பேண்ட் ஒன் த ரன்' விடயமோ முற்றிலும் வேறு. இங்கே வாத்தியக் குழுவை அழைத்தவர் மெக்கார்ட்னியேதான். யாரும் அவர் மீது திணிக்கவில்லை.

அப்படி அழைக்கப்பட்ட விஸ்கொன்டியின் பங்களிப்புக்கு 1973 வெளியீடு உரிய இடம் கொடுக்கவில்லை. உலகெங்கும் இலட்சக்கணக்கானோர் அந்த இசையைக் கேட்டார்கள், எழுதியவர் யாரென்று அறியாமலே. 1999 பதிப்பில்தான் அவருடைய பெயர் உரிய முறையில் சேர்ந்தது. 26 வருடங்கள்.

அண்டர்டப்ட் கலவையின் பெறுமதி எமக்குத் தெரிவது இங்கேதான். விஸ்கொன்டி இல்லாத பாடலை முதலில் கேளுங்கள். பிறகு 1973 இசைத்தட்டைக் கேளுங்கள். அந்த மனிதர் என்ன செய்தார் என்பது யாரும் சொல்லாமலே விளங்கும். ஒருவரின் உழைப்பை எடுத்துவிட்டுப் பார்த்தால்தான் அதன் அளவு தெரிகிறது. ஆகவே புதிய பிரதி வந்துவிட்டது என்று பழையதைத் தள்ளவும் வேண்டாம், பழையதே போதும் என்று புதியதை ஒதுக்கவும் வேண்டாம். ஒவ்வொரு பிரதியிலும் திகதியையும் பெயர்களையும் பார்ப்போம்.

எமது ஊர்களிலும் பாடசாலைச் சிறப்பு மலர்கள், சங்க வரலாறுகள் இரண்டாம் பதிப்பு, மூன்றாம் பதிப்பு என்று வருகின்றன. அட்டை அழகாகிறது, படங்கள் வர்ணமாகின்றன. பழைய பதிப்பை ஒரு பக்கத்தில் வைத்து, அதிலிருந்த பெயர்கள் எல்லாம் புதியதிலும் இருக்கின்றனவா, அதிலேயே விடுபட்டவர்கள் யாராவது உண்டா என்று சரிபார்க்கும் வேலையை யாராவது பொறுப்பெடுத்துச் செய்ய வேண்டும். உங்கள் வீட்டு அலுமாரிகளில் பழைய மலர்கள் இருந்தால் தயவுசெய்து வீசிவிடாதீர்கள். மூத்தவர்கள் எம்மோடு இருக்கும்போதே, அந்த வேலைகளை யார் யார் செய்தார்கள் என்று கேட்டு எழுதி வையுங்கள். 26 வருடங்கள் கழித்தாவது பெயர் சேரும் வாய்ப்பு எல்லோருக்கும் கிடைப்பதில்லை.