பேரேடு யார் கையில்? பம்பாய்த் தமிழரின் சீட்டும் பிளாக்செயினும்

19-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதி தொடங்கித் திருநெல்வேலிச் சீமையிலிருந்து தோல் பதனிடும் தொழிலுக்காகத் பம்பாயின் தாராவிக்கு வந்தவர்களுக்கும், அலுவலக எழுத்தர்களாகவும் தட்டச்சர்களாகவும் மாட்டுங்காவில் குடியேறிப் பின்னர் செம்பூர்வரை பரவியவர்களுக்கும் இடையே சாதியிலும் வருவாயிலும் பெரும் இடைவெளி இருந்தபோதிலும், வங்கியின் துணையின்றி மொத்தப் பணம் திரட்ட இரு சாராரும் அறிந்திருந்த வழிகளுள் ஒன்று சீட்டு. மராத்தியர் அதையே பிஷி என்பர்.

ஏலச்சீட்டில் இருபது பேர் மாதம் 5,000 ரூபாய் கட்டினால் சேரும் 1,00,000 ரூபாயை, அம்மாதம் அதிகம் தள்ளிக் கேட்பவர் எடுப்பார். ஒருவர் 20,000 ரூபாய் தள்ளி 80,000 ரூபாய்க்கு எடுத்தால், தள்ளிய தொகையில் நடத்துபவரின் கமிஷன் 5,000 போக எஞ்சும் 15,000 ரூபாய் இருபது பங்காகப் பிரிந்து, அம்மாதம் தலைக்கு 4,250 ரூபாய் கட்டினால் போதும் என்றாகும். எடுத்தவர் யார், பாக்கி யாருக்கு என்பதெல்லாம் நடத்துபவரின் நோட்டில் மட்டுமே இருந்தால், அவர் தலைமறைவாகும்போது கணக்கும் உடன் மறையும். பதிவையும் பிணைத்தொகையையும் கட்டாயமாக்கிய 1982-ஆம் ஆண்டுச் சீட்டு நிதிச் சட்டம் இக்குறைக்குத் தடுப்பாக அமைந்தது.

சீட்டைப் போலவே ஒருவரின் பேரேட்டை நம்பி நடந்தது உண்டியல். இன்று காணிக்கைப் பெட்டியைக் குறிக்கும் அச்சொல், வணிகர் வழக்கில், ஓர் ஊரில் கட்டிய பணத்தை வேறோர் ஊரில் பெற உதவிய தாளைக் குறித்தது. பம்பாய்ச் சந்தையில் அதன் பெயர் ஹுண்டி. தாள் தொலைந்தால் பேட் என்ற இரண்டாம் படியும், அதுவும் தொலைந்தால் பர்பேட் என்ற மூன்றாம் படியும் எழுதித் தரப்பட்டன. ஏதேனும் ஒன்றுக்குப் பணம் தந்து சராஃப் எனப்படும் பணவணிகர் தம் பேரேட்டில் குறித்ததும் மற்றவை செல்லாமற்போயின. ஒரே பணம் இருமுறை செலவாகாமல் காத்தது அந்தப் பேரேட்டு வரிதான்.

2008 அக்டோபர் 31 அன்று சதோஷி நகமோட்டோ என்ற புனைபெயரில் வெளியான கட்டுரை, அவ்வரியை எழுத நம்பிக்கைக்குரிய நடுவர் ஒருவர் தேவையில்லை என்றது. அதன் வழியில் 2009 ஜனவரி 3 அன்று தொடங்கிய பிட்காயின் என்ற மின்னணுப் பணத்தில் ஒரே பேரேட்டின் படிகள் ஆயிரக்கணக்கான கணினிகளில் இருக்கின்றன; இக்கணினிகள் நோடுகள் எனப்படும். ஏறத்தாழப் பத்து நிமிடத்துக்கு ஒருமுறை சேரும் பரிவர்த்தனைகளின் தொகுப்பு ஒரு பிளாக், அதாவது பேரேட்டின் ஒரு பக்கம். உள்ளடக்கத்தில் ஓர் எழுத்து மாறினாலும் தானும் மாறிவிடும் ஹாஷ் என்ற அடையாளக் குறி முந்தைய பக்கத்திலிருந்து அடுத்த பக்கத்தில் பதியப்படுவதால், பழைய பக்கத்தைத் திருத்துபவர் அதற்குப் பின்வந்த அனைத்தையும் திருத்தியாக வேண்டும்; இத்தொடர்ச்சியே பிளாக்செயின். புதிய பக்கத்தைச் சேர்க்கும் உரிமைக்காகக் கணினிகள் போட்டியிடுவது மைனிங்; வெல்பவருக்குக் கூலியாகப் பிறக்கும் நாணயங்கள் மொத்தம் 2.1 கோடியைத் தாண்டா. நாணயத்தைச் செலவிட உதவும் இரகசிய எண் பிரைவேட் கீ. அவ்வெண்ணைப் பேணும் செயலியோ கருவியோ வாலட்.

மும்பையைத் தலைமையகமாகக் கொண்ட ரிசர்வ் வங்கி, பிட்காயின் போன்ற கிரிப்டோ நாணயங்களின் வணிகத்துக்கு வங்கிகள் சேவையளிப்பதை 2018 ஏப்ரலில் தடுத்தது; உச்ச நீதிமன்றம் 2020 மார்ச் 4 அன்று அத்தடையை நீக்க, 2022 ஏப்ரல் முதல் இவ்வணிகத்தின் லாபத்துக்கு 30 விழுக்காடு வரி வந்தது. 2022 டிசம்பர் 1 அன்று மும்பை உள்ளிட்ட நான்கு நகரங்களில் சோதனை முறையில் மக்களிடம் வந்த டிஜிட்டல் ரூபாய் ரிசர்வ் வங்கியே வெளியிடும் பணமாதலால், அதற்குப் பொறுப்பேற்க ஒருவர் உண்டு. சீட்டுக்காரர் ஏமாற்றினால் அவர் வீட்டு வாசலில் போய் நிற்கலாம், ஹுண்டி தொலைந்தால் பேட் கேட்க முடிந்தது. பிட்காயினின் பிரைவேட் கீயைத் தொலைத்தவருக்கு இவ்விரண்டும் இல்லை.