கத்தியும் காத்திருக்கும் பெஞ்சும்

1909இல் ஜேம்ஸ் நிக்கோல் என்ற ஸ்காட்லாந்து அறுவை மருத்துவர் தம் பத்தாண்டு வேலையின் கணக்கை பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் வெளியிட்டார். கிளாஸ்கோ குழந்தைகள் மருத்துவமனையின் புறநோயாளிப் பிரிவில் 1899 முதல் 1908 வரை 8,988 அறுவைகள் நடந்திருந்தன. பிளவுபட்ட உதடு, குடலிறக்கம், வளைந்த பாதம், காதுக்குப் பின்னுள்ள எலும்பில் சீழ் என்று அவற்றில் பலவும் சில்லறை வேலைகள் அல்ல. பிள்ளைகளில் பலருக்கு 3 வயதுகூட நிரம்பவில்லை. அவர்களை வார்டில் சேர்க்காமல், கட்டுப் போட்டுத் தாயின் கையில் கொடுத்து வீட்டுக்கு அனுப்பினார்கள். இன்றைய டே கேர் சர்ஜரியின் வரலாற்றை எழுதுவோர் இந்தக் கணக்கிலிருந்துதான் தொடங்குவார்கள். படுக்கை மிச்சம், செலவு மிச்சம் என்று அதைப் பாராட்டிவிட்டு அடுத்த கட்டத்துக்குப் போய்விடுவார்கள். பெருந்தொற்றுக் காலத்தில் அன்றே வீடு திரும்பும் நோயாளியை எப்படிக் காப்பது என்ற கேள்வியோடு படித்தால் அதே கணக்கு வேறொன்றைச் சொல்கிறது. நோயாளி எங்கே உட்கார்ந்தார், பக்கத்தில் யார் இருந்தார், எத்தனை நேரம் இருந்தார், வீட்டில் அவரை யார் பார்த்துக்கொண்டார் என்ற நான்கு கேள்விகளுக்கும் விடை வைத்திருந்த இடங்களே தொற்றைத் தடுத்தன. கிருமிநாசினியும் கையுறையும் அவற்றுக்குப் பிறகுதான்.

மருத்துவமனையே நோய் தரும் என்ற சந்தேகம் நிக்கோலுக்கு அரை நூற்றாண்டு முந்தையது. 1846இல் வியன்னா பொது மருத்துவமனையின் இரண்டு பிரசவப் பிரிவுகளில், மருத்துவ மாணவர்கள் பயின்ற முதல் பிரிவில் 100 பேரில் 11 பேருக்கு மேல் இறந்தார்கள். மருத்துவச்சிகள் பயின்ற இரண்டாம் பிரிவில் 3 பேர்கூட இறக்கவில்லை. அங்கே பணியாற்றிய செம்மல்வைஸ் இன்னொன்றையும் கவனித்தார். வரும் வழியில் தெருவிலேயே பிள்ளை பெற்றுவிட்டுப் பிறகு வந்து சேர்ந்த பெண்களுக்குப் பிரசவக் காய்ச்சல் அரிதாகவே வந்தது. பிணக்கூறாய்வு முடித்த கையோடு மாணவர்கள் பிரசவம் பார்க்க வந்ததே காரணம் என்று கண்டு, 1847இல் குளோரின் கரைசலில் கை கழுவ வைத்தார். அவரை நினைக்கும்போது கை கழுவுவதை மட்டும் நினைக்கிறோம். ஆனால் அவருக்கு விடையைக் காட்டிக் கொடுத்தது, யார் எந்த அறையிலிருந்து எந்த அறைக்குப் போகிறார்கள் என்ற நடமாட்டக் கணக்கு.

எடின்பரோவின் ஜேம்ஸ் சிம்சன், குளோரோஃபார்மை மயக்க மருந்தாகப் புழக்கத்துக்குக் கொண்டுவந்தவர், 1869இல் இந்தச் சந்தேகத்தை எண்களாக்கினார். பெரிய மருத்துவமனைகளில் கை, கால் துண்டிக்கப்பட்ட 2,089 பேரில் 855 பேர் இறந்திருந்தார்கள். நாட்டுப்புற மருத்துவர்களிடம் அதே அறுவையைச் செய்துகொண்ட 2,098 பேரில் இறந்தவர்கள் 226 பேர். ஒரு பக்கம் 41 சதவீதம், மறுபக்கம் 11 சதவீதத்துக்கும் குறைவு. எதிர்ப்பு உடனே கிளம்பியது. பட்டணத்து மருத்துவமனைக்கு வருபவர் நசுங்கிய காலோடு, பட்டினி உடம்போடு வருகிறார். கிராமத்து மருத்துவர் தமக்குச் சாதகமானதை நினைவில் வைத்து எழுதி அனுப்பியிருப்பார். இரண்டையும் எப்படி ஒப்பிடுவது? நியாயமான ஆட்சேபம்தான். இன்றைய ஆய்விதழ் எதுவும் அந்தக் கணக்கை அப்படியே ஏற்காது. ஆனாலும் ஏறக்குறைய நான்கு மடங்கு வித்தியாசம் முழுவதையும் அந்தக் குறைகளின் தலையில் கட்டிவிட முடியாது. பெரிய கட்டடங்களை விட்டுச் சிறு குடில்களாக மருத்துவமனை கட்ட வேண்டும் என்று சிம்சன் கேட்டதற்கு அடிப்படை இருந்தது.

அவருடைய யோசனை எடுபடாமல் போனதற்குக் காரணம் அறுவை மருத்துவர் ஜோசப் லிஸ்டர். 1865இல் கிளாஸ்கோவில், எலும்பு முறிந்து தோலைக் கிழித்திருந்த 11 வயதுச் சிறுவனின் காலில் கார்பாலிக் அமிலம் தோய்த்த துணியைக் கட்டி, சீழ் பிடிக்காமல் ஆற வைத்தார். கிருமி புண்ணுக்குள் போகாமல் பார்த்துக்கொண்டால் போதும், கட்டடத்தை இடிக்கத் தேவையில்லை என்பது அவர் பக்கம். புண்ணைப் பொறுத்தவரை அவர் சொன்னதே சரி, அதில் சந்தேகமில்லை. ஆனால் அந்த வெற்றிக்குப் பிறகு தொற்றுத் தடுப்பு என்றாலே ஆபரேஷன் தியேட்டருக்குள் நடப்பது என்ற பழக்கம் படிந்துவிட்டது. மூச்சில் போகும் கிருமிக்கு வழி வேறு. 1897இல் பிரெஸ்லாவ் நகரில், பேசும்போதே வாயிலிருந்து கிருமியுள்ள துளிகள் தெறிப்பதை ஃப்ளூகே என்ற ஆய்வாளர் காட்டினார். அதே ஆண்டு அதே ஊரின் அறுவை மருத்துவர் மிகுலிட்ஸ் வாயை மெல்லிய துணியால் கட்டிக்கொண்டு அறுவை செய்தார். அந்த மாஸ்க்கும் புண்ணைக் காக்கத்தான். வெளியே கூடத்தில் காத்திருப்பவரின் மூச்சைப் பற்றி யாரும் யோசிக்கவில்லை.

இந்த இடத்தில் நிக்கோலை ஏன் இழுக்க வேண்டும் என்று கேட்கலாம். அவர் தொற்றுக்குப் பயந்து அதைச் செய்யவில்லை. பச்சைப் பிள்ளைகளைப் படுக்கையில் கிடத்துவதால் பயனில்லை, செலவுதான் என்பதே அவர் வாதம். உண்மை. ஆனால் நோக்கம் எதுவானாலும் அவர் கட்டிய ஏற்பாட்டைப் பாருங்கள். அறுவை முடிந்த பிள்ளையைத் தாயிடமிருந்து பிரிக்கக் கூடாது, தாயின் மடியில் கிடைக்கும் ஓய்வு தொட்டிலில் கிடைக்காது என்றார். வீட்டுக்கு அனுப்பியதோடு கைகழுவிவிடவில்லை. நர்சுகள் வீடு தேடிப் போய்க் கட்டைப் பார்த்தார்கள். பால்குடிப் பிள்ளைகளுக்கும் தாய்மாருக்கும் மருத்துவமனைக்குப் பக்கத்தில் ஒரு சிறு வீட்டையும் ஏற்பாடு செய்திருந்தார். பிற்காலம் அவரிடமிருந்து எடுத்துக்கொண்டது பாதியைத்தான். எடின்பரோவின் ஃபார்குஹர்சன் நூற்றுக்கணக்கான குடலிறக்க அறுவைகளை மரப்பு ஊசியோடு செய்து நோயாளிகளை அன்றே அனுப்பியதை 1955இல் வெளியிட்டார். 1970இல் அமெரிக்காவின் ஃபீனிக்ஸ் நகரில் வாலஸ் ரீட், ஜான் ஃபோர்டு என்ற இரு மயக்க மருத்துவர்கள் தனி மையமே திறந்தார்கள். அதன் பிறகு டே கேர் பெருந்தொழிலாக வளர்ந்தது. அன்றே அனுப்புவது நிலைத்தது. வீடு தேடிப் போகும் நர்சு பெரும்பாலும் மறைந்துபோனார். ஒரே காலையில் பலரை வரச்சொல்லி வரிசையாக உட்கார வைக்கும் கூடம் புதிதாகச் சேர்ந்தது.

அப்படிப்பட்ட கூடம் என்ன செய்யும் என்பதை 2003இல் கனடாவின் டொரன்டோ பார்த்தது. தமிழர்கள் நிறைய வாழும் ஸ்கார்பரோ பகுதியின் ஒரு மருத்துவமனைக்கு மார்ச் 7ஆம் தேதி மூச்சுத்திணறலோடு ஒருவர் வந்தார். ஹாங்காங்கிலிருந்து திரும்பி, வீட்டிலேயே இறந்துபோன பெண்ணின் மகன் அவர். அவசரப் பிரிவில் மற்றவர்களோடு திறந்த அறையில் அன்றிரவு முழுவதும் வைக்கப்பட்டார். வேறு நோய்க்காக அருகில் கிடந்தவர்களுக்கு சார்ஸ் என்ற மூச்சுத் தொற்று தொற்றியது. அங்கிருந்து மருத்துவமனை விட்டு மருத்துவமனை பரவியது. அந்த ஆண்டு கனடாவில் 44 பேர் இறந்தார்கள். மாத இறுதியில் ஒன்டாரியோ அரசு டொரன்டோ வட்டார மருத்துவமனைகளில் அவசரமற்ற அறுவைகளை நிறுத்தச் சொன்னது. தொற்று நுழைந்த வழி, காத்திருந்தவர்களுக்கு இடையே இருந்த சில அடி தூரம்.

2020இல் இதே பாடம் உலக அளவில் வந்தது. அறுவையை ஒட்டி கோவிட் தொற்றிய 1,128 பேரை 24 நாடுகளில் பின்தொடர்ந்து லான்செட் இதழில் வந்த ஆய்வில், 30 நாளுக்குள் 23.8 சதவீதம் பேர் இறந்திருந்தார்கள். நான்கில் மூன்று பங்கு அவசர அறுவை என்பதால் சிறு அறுவைக்கு அந்த எண்ணை அப்படியே ஒட்டிவிட முடியாது. ஆனால் தள்ளிப்போடக்கூடியதைத் தள்ளிப்போடு என்று சொல்ல அது போதுமாக இருந்தது. தியேட்டருக்குள் கெடுபிடி ஏறியது. மயக்கம் கொடுக்க மூச்சுக்குழாயில் குழாய் செருகும்போது கிருமி காற்றில் பரவும் என்று, மணிக்கு 15 முறை காற்று மாறும் அறையிலும் 99 சதவீதம் துப்புரவாக 18 நிமிடம் காத்திருந்தார்கள். பிறகு பிரிட்டனில் அளந்து பார்த்தபோது, குழாய் செருகுவதில் கிளம்பும் நுண்துளிகள் ஒரு இருமலில் கிளம்புவதைவிட மிகக் குறைவு என்று தெரிந்தது. தொட்ட இடமெல்லாம் துடைத்தோம். பரப்பைத் தொடுவதால் தொற்றும் வாய்ப்பு பொதுவாக 10,000இல் ஒன்றுக்கும் கீழ் என்று அமெரிக்க நோய்த்தடுப்பு மையம் 2021இல் சொன்னது. கண்ணுக்குத் தெரியும் காரியங்களில் காட்டிய கவனம், இருமுகிற ஆள் உட்கார்ந்திருந்த கூடத்துக்கு எல்லா இடத்திலும் கிடைத்ததா என்பதே கேள்வி.

கிடைத்த இடங்களில் பலன் தெரிந்தது. 55 நாடுகளில் 9,171 புற்றுநோய் அறுவை நோயாளிகளைக் கவனித்த ஆய்வில், தியேட்டர், வார்டு, தீவிரப் பிரிவு மூன்றையும் கோவிட் நோயாளிகளிடமிருந்து பிரித்து வைத்த மருத்துவமனைகளில் நுரையீரல் சிக்கல் 2.2 சதவீதம், பிரிக்காத இடங்களில் 4.9 சதவீதம். பிரித்து வைக்கும் வசதி உள்ள இடம் மற்ற வசதிகளும் உள்ள இடமாகத்தானே இருக்கும் என்று கேட்கலாம். ஆய்வாளர்கள் நோயாளியின் நிலையையும் வட்டாரத்தில் தொற்று பரவியிருந்த அளவையும் கணக்கில் எடுத்த பிறகும் வித்தியாசம் நின்றது. டே கேர் மையங்கள் கைக்கொண்ட முறைகளும் இந்தத் திசையில்தான் இருந்தன: முதல் நாளே போனில் அறிகுறி கேட்பது, ஆளுக்கொரு நேரம் குறிப்பது, கூட ஒரே ஒரு ஆள், அழைக்கும்வரை வாசலுக்கு வெளியே காத்திருப்பது, முடிந்தால் மரப்பு ஊசி, மறுநாள் மீண்டும் போன். தொற்றிலிருந்து மீண்டவர் 7 வாரம் கழித்து அறுவைக்கு வருவதே நல்லது என்று 2021இல் 1,40,231 பேரை வைத்து வந்த முடிவும் நேரத்தைப் பற்றியதே.

வலுவான ஆட்சேபம் இனிமேல்தான் வருகிறது. கூட்டத்தைக் குறைப்பது யாருடைய செலவில்? தமிழ்நாட்டில் கண்புரை அறுவையை எடுத்துக்கொள்ளலாம். 1976இல் மதுரையில் 11 படுக்கையோடு தொடங்கிய அரவிந்த் கண் மருத்துவமனை உலகப் பெயர் பெற்றதே, ஊர் ஊராக முகாம் நடத்தி, தேவைப்படுவோரை பஸ்ஸில் மொத்தமாக அழைத்துவந்து அறுவை செய்து திருப்பிக் கொண்டுபோய் விட்டதால்தான். தனியே டவுனுக்கு வர முடியாத கிழவிக்குப் பக்கத்து வீட்டுக்காரியோடு ஏறும் அந்த பஸ்தான் சிகிச்சை. 2020 மார்ச்சில் முகாம்கள் நின்றபோது அவரைப் போன்றவர்களைத் தொற்றிலிருந்து காத்ததாகச் சொன்னோம். பார்வை இல்லாமல் கிடந்த மாதங்களை அந்தக் கணக்கில் சேர்க்கவில்லை. வீட்டுக்கு அனுப்புவதும் அப்படித்தான். ஒற்றை அறையில் ஐந்து பேர் புழங்கும் வீட்டில் தனிமை ஏது? முதல் அலையின் 12 வாரங்களில் உலகெங்கும் 2 கோடியே 84 லட்சம் அறுவைகள் தள்ளிப்போகும் என்று மதிப்பிட்டார்கள். தள்ளிப்போட்டதன் சுமை எங்கும் வசதி குறைந்தவர் மேல்தான் அதிகம் விழும்.

இந்த ஆட்சேபம் தூரத்தின் பயனை மறுக்கவில்லை. தூரத்துக்கு ஒரு விலை உண்டு, அதை யாராவது கொடுத்தாக வேண்டும் என்கிறது. கிளாஸ்கோவில் நர்சு கொடுத்தார், மருத்துவமனைக்குப் பக்கத்துச் சிறு வீட்டை ஏற்பாடு செய்தவர் கொடுத்தார். இங்கேயும் வழி இல்லாமல் இல்லை. இணையவழி ஆலோசனையோடு சிற்றூர்களில் நடக்கும் பார்வை மையங்கள், முகாம் கூட்டத்தில் ஒரு பங்கை ஊரிலேயே பார்த்து அனுப்புகின்றன. கிராமச் செவிலியர் கட்டுப் பார்க்கவும் கண்ணுக்குச் சொட்டு மருந்து விடவும் பயிற்சி பெற்றால், அறுவை முடிந்தவர் மறுபரிசோதனைக்கு மீண்டும் கூட்டத்தில் வந்து உட்கார வேண்டியிருக்காது. புதிதாகக் கட்டும் ஒவ்வொரு மருத்துவமனையிலும் அறுவைக்கு வருபவருக்குத் தனி வாசலும் காற்றோட்டமுள்ள தனிக் கூடமும் வரைபடத்திலேயே இருக்க வேண்டும். பெருந்தொற்று வந்த பிறகு சுவரை இடித்து வாசல் வைக்க முடியாது. இதற்கெல்லாம் சம்பளமும் சதுர அடியும் வேண்டும் என்பது மெய்தான். அந்தச் செலவை ஏற்காமல் மாஸ்க்கும் சானிடைசரும் மட்டும் வாங்கி வைக்கும் நிர்வாகம், நிக்கோல் செய்ததில் தனக்கு மிச்சமாகும் பாதியை வைத்துக்கொண்டு, செலவாகும் பாதியை நோயாளியின் வீட்டுத் தலையில் கட்டுகிறது.