எரிந்த பஞ்சும் எழுதிய சொல்லும்

கோவையின் வரலாற்றைப் பஞ்சின் வரலாறாகச் சொல்வது நம் வழக்கம். அந்தப் பஞ்சோடு கூடவே வந்த நெருப்பைப் பற்றி நாம் அதிகம் பேசுவதில்லை. 1888-இல் ஸ்டேன்ஸ் குடும்பத்தார் இங்கே நூற்பாலை தொடங்கினர். 1930-களில் பைக்காரா மின்சாரம் வந்தபின் ஆலைகள் பெருகின. பஞ்சோடு கலந்து வந்த ஓர் ஆணி ப்ளோரூம் எந்திரத்தின் பற்களில் உரசினால் போதும், பொறி பறக்கும். மேலே அணைந்துவிட்டதாகத் தோன்றும் பேலின் உள்ளே நெருப்பு நாட்கணக்கில் கனன்றுகொண்டிருக்கும். ஆகவே, இருப்பின் மேல் கடன் தரும் வங்கி தீக்காப்பீட்டுப் பாலிசியையும் கேட்டு வாங்கிக்கொண்டது.

நெருப்பு அணைந்தபின் தொடங்குவது சொற்களின் சண்டை. இழப்பை அளக்க வருபவர் சர்வேயர். 1938-ஆம் ஆண்டுக் காப்பீட்டுச் சட்டத்தில் 1968-இல் சேர்க்கப்பட்ட பிரிவு, 20,000 ரூபாயும் அதற்கு மேலுமான இழப்புகளுக்கு உரிமம் பெற்ற சர்வேயரின் அறிக்கையைக் கட்டாயமாக்கியது. அவரை நியமிப்பதும் அவருக்குக் கூலி தருவதும் காப்பீட்டு நிறுவனமே. போதாததற்கு ‘ஆவரேஜ்’ என்னும் விதி வேறு இருக்கிறது. ஒரு கோடி ரூபாய்ச் சரக்கை அறுபது லட்சத்துக்கு மட்டும் காப்பீடு செய்தவருக்குப் பத்து லட்ச ரூபாய் நட்டம் நேர்ந்தால், கைக்கு வருவது ஆறு லட்சமே. பிரீமியத்தில் மிச்சம் பிடித்தவர்கள் தீ பிடித்த பிறகே இதை அறிந்துகொள்கிறார்கள். 1973-இல் 107 நிறுவனங்கள் அரசுடைமையாகி நான்கு கம்பெனிகளின் கீழ் வந்தன. அவற்றுள் யுனைடெட் இந்தியாவின் தலைமையகம் சென்னை. முதலாளி மாறினாலும் பாலிசியின் மொழி மாறவில்லை.

அந்த மொழியின் வேர் தொலைவில் இருக்கிறது. காப்பீடு செய்பவர் தனக்குத் தெரிந்த எதையும் மறைக்கக் கூடாது என்னும் கோட்பாடு, கிளைம்களை மறுக்கும் கடிதங்களில் இன்றும் தலைகாட்டுகிறது. அதற்கு மூலமாகக் காட்டப்படுவது 1766-இல் லண்டனில் மான்ஸ்ஃபீல்டு பிரபு அளித்த கார்ட்டர் எதிர் போம் தீர்ப்பு. சுமத்ராவின் மார்ல்பரோ கோட்டையை அந்நிய எதிரி கைப்பற்றுவதற்கு எதிராக அதன் ஆளுநர் காப்பீடு செய்திருந்தார். 1760-இல் கோட்டை வீழ்ந்தது. வீழ்த்தியவர் தெஸ்தாங், 1758-இல் சென்னை முற்றுகையின்போது ஆங்கிலேயரிடம் பிடிபட்டு விடுவிக்கப்பட்டவர். கோட்டையின் பலவீனத்தை ஆளுநர் மறைத்துவிட்டார் என்பது காப்பீடு வழங்கியவரின் வாதம். தீர்ப்போ ஆளுநர் பக்கம் வந்தது. இரு தரப்பும் நேர்மையாக இருக்க வேண்டும். தனக்குத் தெரிந்திருந்ததை, அல்லது தெரிந்திருக்க வேண்டியதைச் சொல்லவில்லை என்று காப்பீட்டாளர் பின்னாளில் குறை கூற முடியாது என்றார் மான்ஸ்ஃபீல்டு. தீர்ப்பின் முதல் பாதி மட்டும் நம் ஊர்வரை வந்து சேர்ந்தது.

இந்தியாவில் மறுபாதி மெல்ல வந்தது. 1986-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், உரிமையியல் நீதிமன்றத்தின் நெடிய படிகளுக்கு மாற்றாக ஒரு வாசலைத் திறந்தது. 1999-இல் அஜ்மீர் சிங் காட்டன் மில் வழக்கில் உச்ச நீதிமன்றம் ஒன்றைத் தெளிவாக்கியது: ‘முழுத் தொகையும் பெற்றேன்’ என்ற வவுச்சரில் கையெழுத்திட்டதாலேயே உரிமை போய்விடாது, வஞ்சனையாலோ நெருக்கடியாலோ பெற்ற கையெழுத்து என்று காட்டினால் மேலும் கேட்கலாம். ஆயினும் அவ்வழக்கில் ஆலை தோற்றது. நெருக்கடி இருந்ததாக அது முறையிடவே இல்லை. வட்டி ஏறிக்கொண்டிருக்கும்போது, கிடைத்ததை வாங்கிக்கொண்டு கையெழுத்திடும் எவரும் நினைவில் கொள்ளவேண்டிய தோல்வி இது. 2009-இல் வந்த இரு தீர்ப்புகள் சர்வேயரைப் பற்றியவை. அவரது அறிக்கை முக்கியமானது, ஆனால் இறுதி வாக்கு அன்று என்றது ஒன்று. முதல் அறிக்கை பிடிக்கவில்லை என்பதற்காகக் காரணம் கூறாமல் அடுத்தடுத்து சர்வேயர்களை அமர்த்த முடியாது என்றது மற்றொன்று.

சொல் எவ்வளவு கனமானது என்பதைக் கோவையின் அண்மைக்கால வரலாற்றை வைத்தே எண்ணிப் பார்க்கலாம். 1997 நவம்பர் இறுதியில் காவலர் ஒருவர் கொல்லப்பட்டதைத் தொடர்ந்த கலவரத்தில் உயிர்கள் போயின. கடைகள் சூறையாடப்பட்டு எரிந்தன. 1998 பிப்ரவரி 14-இல் குண்டுகள் வெடித்து 58 பேர் மாண்டனர். உயிரிழப்பின் முன் கடைகளைப் பற்றிப் பேசுவது சிறுமையாகத் தோன்றலாம். ஆனால் எரிந்த கடையை நம்பியும் ஒரு குடும்பம் இருந்தது. 2001 செப்டம்பர் தாக்குதலுக்குப் பின் உலக மறுகாப்பீட்டுச் சந்தை பின்வாங்கவே, 2002-இல் இந்தியக் காப்பீட்டு நிறுவனங்கள் பயங்கரவாதத்துக்கெனத் தனி நிதித்தொகுப்பை ஏற்படுத்தின. அது தீப்பாலிசியிலிருந்து விலகி, தனிக் கட்டணம் கட்டிச் சேர்க்க வேண்டியதாயிற்று. அதன்பின் இத்தகைய நாளொன்றின் சாம்பலுக்குக் ‘கலவரம்’ என்று பெயரிட்டால் பணம் உண்டு. ‘பயங்கரவாதம்’ என்று பெயரிட்டால், தனிக் கட்டணம் கட்டாதவருக்கு ஒன்றும் இல்லை.

பெயரிடும் உரிமை யாருடையது? 2010-இல் ஜார்க்கண்டில், பணமும் உள்ளூராருக்கு வேலையும் கேட்டு ஆயுதங்களுடன் ஒரு கும்பல் நர்சிங் இஸ்பாட் ஆலையில் புகுந்து சேதம் விளைவித்தது. பயங்கரவாதம் என்று சொல்லி நிறுவனம் கிளைமை மறுத்தது. 2022 மே மாதத்தில் உச்ச நீதிமன்றம் அந்த மறுப்பைத் தள்ளியது. பிற சட்டங்களின் விளக்கத்தை இரவல் வாங்கக் கூடாது, பாலிசியின் சொற்களுக்குள்ளேயே நிற்க வேண்டும். விலக்கைக் காட்டித் தப்ப நினைப்பவரே அதை மெய்ப்பிக்க வேண்டும் என்பது அதன் சாரம்.

தனிநபர்களும் குறுந்தொழில் நடத்துவோரும் இன்று சென்னையிலுள்ள காப்பீட்டுக் குறைதீர்ப்பாளரிடம் செல்லலாம். அவர் வழங்கக்கூடிய தொகையின் உச்சவரம்பு 2023-இல் 50 லட்சமாக உயர்ந்தது. நுகர்வோர் ஆணையமும் உண்டு. சர்வேயர் அறிக்கையின் நகலைக் கேட்டுப் பெறுவதற்கு 2002-ஆம் ஆண்டு ஒழுங்குமுறைகளே இடம் தந்தன. இவ்வளவும் ஒரே நாளில் வந்தவை அல்ல. ஒவ்வொன்றின் பின்னும், மறுப்புக் கடிதத்தை மடித்துப் பெட்டியில் வைக்காமல் ஆண்டுக்கணக்கில் நடையாய் நடந்த ஒருவர் இருக்கிறார். சட்ட நூல்கள் அவரை ‘எதிர்மனுதாரர்’ என்றோ ‘மேல்முறையீட்டாளர்’ என்றோ மட்டுமே குறிக்கின்றன. பஞ்சு மண்டியிலும் பனியன் கம்பெனியிலும் பாலிசியைப் படிக்காமல் பீரோவில் வைத்துப் பூட்டும் நம்மவர்கள், அவருக்குச் செய்யக்கூடிய மரியாதை அதை ஒருமுறையேனும் எடுத்துப் படிப்பதுதான்.